மாயா மலைநாட்டில் ஒரு வழக்கறிஞர்

தொண்டைப் புண் ஒன்று வாராதிருந்திருப்பின் ஜோன் லொயிட் ஸ்டீவன்ஸ் என்பாரை இன்று எவரும் நினைத்திருக்கமாட்டார். 1805ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 28ஆந் தேதி அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலே பிறந்து, நியூயோர்க் நகரில் வளர்ந்து, கொலம்பியாக் கல்லூரியில் 1822இல் பட்டம் பெற்று, பின்னர் சட்டம் பயின்று வழக்கறிஞரானவர் அவர். ஆயினும் நீதிமன்றத்திலும் பார்க்க அரசியல் மேடையே அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. சனாதிபதி ஜாக்சனின் கட்சிக்காக ஊர்ஊராகப் பேசித் திரிந்ததன் பயனாகத் தொண்டை பழுதுபட்டது. கடல் கடந்து சென்று ஓய்வு பெறுமாறு வைத்தியர் பணித்தார். 1834இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய அம்மனிதர் அதன்பின் வழக்கறிஞர் தொழிலுக்கு மீளவேயில்லை.

கிரேக்கம், துருக்கி, உருசியா, போலந்து ஆகிய நாடுகளைக் கண்டபின் அவர் எகிப்துக்குச் சென்றார். நைல் நதியிலே படகிற் பயணஞ் செய்து பழைய கோயில்களைப் பார்த்தார். கெய்ரோ நகரத்து வணிகரைப் போல உடை தரித்துப் பாலைவனத்தைக் கடந்து, பாறையிற் குடைந்த பெட்ரா நகரை அடைந்தார். இப்பிரயாணத்தைப் பற்றி 1837இல் அவர் வெளியிட்ட நூல் அமெரிக்க வாசகர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. பண்டிதத் தோரணை எதுவுமின்றி, தாம் விழுந்ததையும் ஏமாந்ததையும் ஒளிக்காது எழுதும் நடை அவருடையது. இலண்டனிலே பிரெடெரிக் கதர்வூட் என்னும் கட்டடக் கலைஞரின் நட்பும் அக்காலத்திற் கிடைத்தது. எகிப்திலும் எருசலேமிலும் பல்லாண்டு தங்கிப் பழங் கட்டடங்களை அளந்து வரைந்த கை கதர்வூட்டினுடையது. ஸ்டீவன்ஸின் புகழிற் பாதி இந்த அமைதியான ஆங்கிலேயருக்கே உரியது என்பது எமது கருத்து.

அக்காலத்து அறிஞர் உலகிலே நடு அமெரிக்காவைப் பற்றி ஒரு விசித்திரமான கொள்கை வழங்கிற்று. காடு மூடிய கோயில்களும் சிற்பங்களும் அங்கு இருப்பதாகச் சில செய்திகள் அச்சில் வந்திருந்தன. அவற்றைக் கட்டியோர் யாவர் என்ற வினாவுக்கு எகிப்தியர், பினீசியர், இசுரவேலரின் காணாமற் போன கோத்திரத்தார், கடலில் மூழ்கிய அட்லாந்திஸ் கண்டத்தார் என்று பலவாறு விடை கூறினர். கிங்ஸ்பரோப் பிரபு என்பவர் இசுரவேலர் கொள்கையை நிலைநாட்டும் பொருட்டுப் பெரும் பெரும் ஏடுகளை அச்சிட்டு, அச்செலவினாற் கடனாளியாகி, 1837இல் டப்ளின் நகரத்துச் சிறையிலே மாண்டார். வால்டெக் என்ற ஓவியரோ மாயாச் சிற்பங்களிலே யானை முகங்களைக் கண்டதாக வரைந்தார். ஒருவர் மட்டும் இந்த விடைகளில் இடம்பெறவில்லை. அந்த மண்ணிலே சோளம் விதைத்து, சுமை சுமந்து, கசையடி பட்டு வாழ்ந்த குடியானவரே அவர். அவருடைய மூதாதையர் இத்தகைய நகரங்களைக் கட்டியிருத்தல் கூடும் என்று எண்ணவே கற்றோர் பலருக்கு மனம் வரவில்லை.

இச்செய்திகளை வாசித்த ஸ்டீவன்ஸ் நேரிற் சென்று காணத் துணிந்தார். 1839இல் நடு அமெரிக்கக் கூட்டாட்சிக்கு நியமிக்கப்பட்ட அமெரிக்கத் தூதர் பதவியேற்கப் புறப்படுமுன்னரே இறந்துவிட, அவ்விடத்தைத் தமக்கு வேண்டிச் சனாதிபதி வான் பியூரனிடமிருந்து பெற்றுக்கொண்டார். தூதர் பதவி அவருக்கு ஒரு நல்ல மேற்சட்டையாகவே பயன்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம். கதர்வூட்டுக்கு 1,500 டொலர் வேதனம் பேசப்பட்டது. 1839 ஒக்டோபர் 3ஆந் தேதி இருவரும் நியூயோர்க்கிலிருந்து பாய்க்கப்பலேறிப் பெலீஸ் துறைமுகத்தை அடைந்தனர்.

அங்கிருந்து குவாத்தமாலாக் கரைக்குச் சென்று, மிக்கோ மலையின் சேற்று வழியைக் கோவேறு கழுதைகளில் ஏறிக் கடந்தனர். நாடோ உள்நாட்டுப் போரில் மூழ்கிக் கிடந்தது. கூட்டாட்சியைக் காக்க மொராசான் ஒருபுறம் போரிட, குடியானவர் படையைத் திரட்டிய ரபாயேல் கரேரா என்னும் இருபத்தைந்து வயது இளைஞர் மறுபுறம் போரிட்டார். கமோத்தான் என்ற ஊரில் ஓரிரவு ஆயுதந் தாங்கிய சிப்பாய்கள் இவர்கள் தங்கியிருந்த மண்டபத்துட் புகுந்து இருவரையும் சிறைவைத்தனர். தூதரின் கடவுச்சீட்டு அங்கே செல்லவில்லை. விடியுமுன் எப்படியோ விடுதலை கிடைத்தது.

நவம்பர் நடுவில் ஹொண்டூராஸின் எல்லையிலுள்ள கோப்பான் என்னுஞ் சிற்றூரை அடைந்தனர். ஆற்றின் அக்கரையிலே மரங்களுக்கு மேலாக ஒரு கற்சுவர் எழுந்து நின்றது. காட்டை வெட்டி உள்ளே புகுந்தபோது, ஆளுயரத்தின் இரு மடங்குக்கு மேலான கற்றூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. முன்புறத்தில் அரசரைப் போன்ற உருவம். பக்கங்களில் எவரும் வாசித்தறியாத எழுத்து. சில தூண்கள் நிமிர்ந்து நின்றன. சில வேர்களின் பிடியிற் சிக்கிச் சாய்ந்திருந்தன. சில மண்ணிற் புதைந்து கிடந்தன. கதர்வூட் சேற்றில் நின்று, நுளம்புக்கு அஞ்சிக் கையுறை அணிந்தவாறே வரையத் தொடங்கினார். முதல்நாள் வரைந்தது எதுவும் சரிவரவில்லை. கிரேக்கச் சிற்பத்திலும் எகிப்தியச் சிற்பத்திலும் பழகிய கண்ணுக்கு இச்சிற்பத்தின் ஒழுங்கு பிடிபடவில்லை. எங்கே ஒரு கை முடிகிறது, எங்கே ஓர் அணி தொடங்குகிறது என்று அவராற் பிரித்தறிய முடியவில்லை. மரங்களை வெட்டி வெளிச்சம் வரச் செய்து, தாம் கற்ற இலக்கணத்தையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுக் கல்லிற் கண்டதையே வரைந்தபோதுதான் கை வழிப்பட்டது. அன்று அவர் வரைந்த எழுத்துகளை, வாசிக்கத் தெரியாத ஒருவர் பிழையின்றிப் பிரதிசெய்த ஏடுகள் எனலாம்.

ஊரில் அதிகாரஞ் செலுத்திய ஒருவர் இவ்வந்நியரை ஐயுற்று அவர்களுக்கு இடையூறு விளைவித்தார். அதனால் அந்நிலத்தை வாங்கிவிடுவதே நலமென்று ஸ்டீவன்ஸ் கருதினார். நிலத்தை வைத்திருந்த தொன் ஹோசே மரியா என்பவருக்கோ இது பயிருக்குதவாத கற்காடு. அதை வாங்க விரும்புபவர் பேதையா, சூழ்ச்சிக்காரரா என்று அவருக்குத் தெரியவில்லை. அவரது தயக்கத்தை நீக்கும் பொருட்டு ஸ்டீவன்ஸ் தம் பெட்டியைத் திறந்து, கழுகுச் சின்னம் பொறித்த பெரிய பொத்தான்களையுடைய தூதர் மேற்சட்டையை அணிந்துகொண்டார். தலையிலே மழையில் நனைந்த தொப்பி. காலிலே முழங்கால்வரை சேறு. பொத்தான்கள் வென்றன. கோப்பான் நகரம் 50 டொலருக்குக் கைமாறியது. அச்சிற்பங்களை ஆற்று வழியே கொண்டுசென்று நியூயோர்க்கிலே ஒரு நூதனசாலை அமைக்கவேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்தது. அது கைகூடாமற் போனதற்கு நாம் வருந்தவேண்டியதில்லை.

கதர்வூட்டை அங்கே விட்டுவிட்டுத் தூதர் தம் உத்தியோகத்தைக் கவனிக்கப் புறப்பட்டார். எந்த அரசிடம் தம் கடிதங்களைக் கையளிப்பது என்று தேடிக் குவாத்தமாலா நகரிலிருந்து கொஸ்தாரிக்காவரை அலைந்தார், நிக்கராகுவா வழியாக இரு கடல்களையும் இணைக்கும் கால்வாய் வெட்டலாமா என்று ஆராய்ந்தார், குளிர்சுரத்தினால் வாடினார், கரேராவையும் மொராசானையும் நேரிற் கண்டார். 1840 மார்ச் மாதத்தில் மொராசான் தோற்றோடியதும், கூட்டாட்சி என்று ஒன்று இல்லையென்பது உறுதியாயிற்று. தூதர் பணி இனிதே முடிந்தது.

ஏப்ரில் 7ஆந் தேதி ஸ்டீவன்ஸும் கதர்வூட்டும் குவாத்தமாலா நகரை விட்டு மேற்கே மலைநாட்டுக்குப் புறப்பட்டனர். இம்மலைப் பயணமே அவர் வாழ்க்கையின் நடுப்பகுதி என்று சொல்லத் தோன்றுகிறது. கோப்பானிலே அவர் கண்டவை கற்கள். இங்கோ மக்களைக் கண்டார். எரிமலைகள் சூழ்ந்த அத்தித்லான் ஏரிக்கு அப்பால், ஊருக்கு ஊர் வேறு நிறத்தில் நெய்த ஆடையும், ஊருக்கு ஊர் வேறுபடும் பேச்சுமாக ஆயிரமாயிரம் மாயாக் குடிகள் வாழ்ந்தனர். கத்தோலிக்கக் கோயிலின் வாயிலிலே தூபமிட்டுத் தம் பழைய தெய்வங்களையும் மறவாது வணங்கினர். ஸ்பானிய மொழி பலருக்குத் தெரியாது. முந்நூறு ஆண்டு அந்நிய ஆட்சிக்குப் பின்னும் அவர்களுடைய மொழி வீட்டிலும் சந்தையிலும் அழியாது நின்றது.

சாந்தா குரூஸ் தெல் கிச்சே என்னும் ஊருக்கு அண்மையிலே, ஆழ்ந்த பள்ளங்கள் சூழ்ந்த மேட்டுநிலத்தில் உத்தத்லான் நகரத்தின் இடிபாடுகள் கிடந்தன. கிச்சே அரசின் தலைநகர் அது. 1524இல் பெத்ரோ தெ அல்வராதோ அதன் அரசரைத் தீயிலிட்டுக் கொன்று நகரையும் எரித்தான். இங்கேதான் ஸ்டீவன்ஸின் மனத்தில் ஒரு கணக்குக் கூடத் தொடங்கிற்று. உத்தத்லானைக் கட்டியவர் எகிப்தியரல்லர், அதில் ஐயமில்லை. ஸ்பானியர் வந்தபோது அங்கு மக்கள் வாழ்ந்தனர். அவர்களின் சந்ததியார் பக்கத்து ஊரிலே சோளம் அரைத்துக்கொண்டிருந்தனர். உத்தத்லான் அவர்களுடையதாயின் கோப்பான் மட்டும் ஏன் பிறருடையதாக வேண்டும்?

அவ்வூர்ப் பாதிரியார் ஸ்பெயினிலிருந்து வந்தவர். எதற்கும் வாய்விட்டுச் சிரிப்பவர். தம் மக்களின் மொழியையும் பழமையையும் ஆர்வத்தோடு கற்றவர். கிச்சே மொழியின் எண்ணுப் பெயர்களை அவர் வாயிலாகவே ஸ்டீவன்ஸ் எழுதிக்கொண்டார். அவர் கூறிய கதையொன்று பிரயாணிகள் இருவரையும் உறங்கவிடாது செய்தது. சாகூல் என்ற மலையூரில் இருந்த இளமைக் காலத்திலே, மலைத்தொடரின் உச்சியில் ஏறி நின்று, வடக்கே பரந்த சமவெளியில் வெள்ளைக் கோபுரங்களோடு ஒளிவீசும் ஒரு பெருநகரத்தைத் தாம் கண்டதாகப் பாதிரியார் சொன்னார். வெள்ளையர் எவரும் அங்கு சென்று மீண்டதில்லையாம். நாணயமும் குதிரையும் அறியாத அம்மக்கள், கூவும் ஓசை பகைவரை அழைத்துவிடும் என்றஞ்சிச் சேவல்களை நிலத்தடியில் வளர்ப்பராம்.

ஸ்டீவன்ஸ் இதனை முற்றாக நம்பவுமில்லை. நம்பாமலிருக்கவும் அவரால் இயலவில்லை. வரலாறு கூறுவது வேறு. அந்நியருக்கு அடிபணியாதிருந்த கடைசி மாயா நகரமாகிய இற்சா மக்களின் தீவுத் தலைநகர் 1697இலேயே வீழ்ந்துவிட்டது. இக்கதையை அவர் நூலில் எழுதியமையால் ஒரு தீங்கும் விளைந்தது. 1850ஐ அண்டிய ஆண்டுகளில், உடற்குறையோடு பிறந்த இரு பிள்ளைகளை அந்த மறைநகரத்திலிருந்து கொண்டுவந்தோமென்று சொல்லி, அமெரிக்காவிலும் இலண்டனிலும் காட்சிக்கு நிறுத்திச் சிலர் பணம் ஈட்டினர்.

ஆனால் மெய்யான புதையல் வேறிடத்தில் இருந்தது. கிச்சே மக்களின் படைப்புக் கதையும் அரச வமிசக் கதையும் அடங்கிய போபொல் வூ என்னும் நூலைப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சிமேனெஸ் என்ற பாதிரியார் பக்கத்து ஊராகிய சிச்சிக்காஸ்தெனாங்கோவில் பிரதிசெய்து வைத்திருந்தார். ஸ்டீவன்ஸ் அவ்வழியே சென்ற காலத்தில் அப்பிரதி, அவர் பல வாரம் தங்கியிருந்த குவாத்தமாலா நகரிலேதான் கிடந்தது. 1857இல் வியன்னாவிலே அது முதன்முதல் அச்சேறியபோது அவர் உயிரோடில்லை.

கடல் மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேலுள்ள கெற்சால்தெனாங்கோ நகரை அவர்கள் அடைந்தபோது அங்கே துக்கம் படிந்திருந்தது. சில நாட்களுக்கு முன்னரே கரேரா அந்நகர சபையினர் பலரைப் பொதுவிடத்திலே சுட்டுக் கொல்வித்திருந்தார். பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வலத்தை ஸ்டீவன்ஸ் அங்கு கண்டார். பின்னர் உவேவேதெனாங்கோ வழியாக, மரமற்ற குளிர்ந்த மலைமுடிகளைத் தாண்டி மெக்சிக்கோ எல்லைக்குட் சென்றனர். போலிங் என்ற அமெரிக்க இளைஞர் ஒருவரும் வழியிற் சேர்ந்துகொண்டார். பலெங்கே இடிபாடுகளை அந்நியர் பார்க்கக் கூடாதென்று மெக்சிக்க அரசு கட்டளையிட்டிருப்பதாகக் கொமித்தான் நகரிலே அறிந்தனர். மாகாணத் தலைநகரைத் தவிர்த்து ஒக்கோசிங்கோ வழியே செல்லத் தீர்மானித்தனர். கட்டளையை மீற ஒரு வழக்கறிஞர் கண்டுபிடித்த வழி, கேளாதிருப்பதே!

தும்பாலா என்னும் மலையூரைக் கடந்தபின் கோவேறு கழுதையும் மனிதனைச் சுமந்து செல்ல முடியாத செங்குத்தான பாதை. அந்நாட்டு வழக்கப்படி, பிரயாணி ஒரு மரக்கதிரையில் அமர, மாயாச் சுமையாள் ஒருவர் அக்கதிரையை நெற்றிப் பட்டையாற் கட்டி முதுகிலே சுமப்பார். மனிதன்மேல் மனிதன் ஏறிச் செல்வது ஸ்டீவன்ஸுக்கு அருவருப்பாயிருந்தது. ஆயினும் களைப்பு மிகுந்தமையால் ஏறினார். சுமந்தவருடைய மார்பு விம்மித் தாழ்வதை அவர் தம் உடலில் உணர்ந்தார். மூச்சு வாங்கும் ஒலியைக் காதருகே கேட்டார். பாதையின் ஓரத்திலோ அடிகாணாப் பள்ளம். சுமையாளின் உடல் நடுங்குவதை அறிந்ததும் அவர் பொறுக்கமாட்டாது இறங்கிவிட்டார். இறங்கியது இரக்கத்தினாலா, அச்சத்தினாலா என்று கேட்பின், இரண்டினாலுமே என்பதை அவர் எழுத்து மறைக்கவில்லை. அம்மலைச் சரிவிலே முதுகை வளைத்து நின்ற மனிதரின் மூதாதையரே மலையடியிலிருந்த பலெங்கே அரண்மனையைக் கட்டினர் என்று எழுதப்போகிறவர் அவர். எழுதியும் காட்டினார். ஆயினும் அவருடைய பெட்டிகளையும் வரைபடங்களையும் அத்தகைய முதுகுகளே மலைகடந்து சுமந்தன, கூலி சொற்பம்.

1840 மே மாதம் பலெங்கேயை அடைந்து அரண்மனைத் தாழ்வாரத்திலேயே குடியிருந்தனர். மழைக்காலம் தொடங்கிவிட்டது. இரவிலே காற்று மெழுகுதிரியை அணைக்க, பெரிய மின்மினியின் ஒளியிற் செய்தித்தாள் வாசித்தனர். நுளம்புக்கடி தாங்காது கதர்வூட்டின் முகமும் கைகளும் வீங்கின. காலிற் புகுந்து முட்டையிடும் பூச்சியால் ஸ்டீவன்ஸின் பாதம் வீங்கி நடக்க இயலாதாயிற்று. அவ்வளவுக்குமிடையே அளந்தார்கள், வரைந்தார்கள். கோப்பானிற் கண்ட அதே எழுத்து இங்குமிருந்தது! இடையே பல மலையும் பல மொழியும் கிடக்க, எழுத்து மட்டும் ஒன்றாயிருந்தது. ஒரே நாகரிகம் இவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

பலெங்கேயையும் 1,500 டொலருக்கு வாங்க அவர் விரும்பினார். ஆனால் மெக்சிக்கப் பெண்ணை மணந்த அந்நியரே அங்கு நிலம் வாங்கலாம் என்று சட்டம் இருந்தது. இறுதிவரை மணஞ் செய்யாதிருந்தவர் அவர், எண்ணம் கைவிடப்பட்டது. யூக்கத்தானிலுள்ள உஷ்மால் இடிபாடுகளிலே கதர்வூட் நோயினால் மயங்கி விழ, இருவரும் யூலை முடிவில் நியூயோர்க்குக்குத் திரும்பினர்.

1841இல் வெளிவந்த இரு பாக நூல் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 20,000 பிரதிகள் விலைபோயிற்று. அதன் இறுதி அதிகாரத்திலே வழக்கறிஞர் மீண்டும் எழுந்து நிற்கிறார். எகிப்துக் கூம்பகங்களைத் தாம் கண்களாற் கண்டவர். அவை கல்லறைகள், உள்ளே குறுகிய வழியுடையவை. இவையோ மேலே கோயில் தாங்கிய மேடைகள். தூண்களிலும் சிற்பங்களிலும் ஒற்றுமையில்லை. கட்டடங்களின் மர உத்தரங்கள் சில இன்னும் உளுக்காதிருந்தன. எனவே அவை எண்ணற்ற ஆயிரம் ஆண்டுப் பழமையுடையனவாதல் இயலாது. இவ்வாறு சான்றுகளை ஒவ்வொன்றாக முன்வைத்து, இந்நகரங்களைக் கட்டியவர் இந்நாட்டு மக்களின் முன்னோரே என்று தீர்ப்புக் கூறினார். அத்தூண்களின் எழுத்திலே அந்நகரங்களின் வரலாறே பொறிக்கப்பட்டுள்ளது என்பதும் அவர் துணிபு.

இந்த இரண்டாவது கருத்தை அவருக்குப் பின் வந்த பேரறிஞர் சிலர் நெடுங்காலம் மறுத்தனர். கல்லிலுள்ளவை நாட்கணக்கும் கோள்கணக்குமே என்றனர். 1952இல் உருசிய அறிஞர் குனோரோசொவ் அவ்வெழுத்து ஒலிகளைக் குறிப்பதெனக் காட்டினார். 1960இல் புரோஸ்கூரியாக்கோவ் அம்மையார் அக்கற்களிலே அரசரின் பிறப்பும் முடிசூடலும் பதிவாகியிருப்பதை நிறுவினார். கோப்பானிலே கதர்வூட் வரைந்த சதுரக் கல்லொன்றைச் சுற்றிப் பக்கத்துக்கு நால்வராகப் பதினாறு உருவங்கள் அமர்ந்துள்ளன. அப்பதினாறு பேரும் கோப்பானை வரிசையாக ஆண்ட பதினாறு மன்னர்கள் என்பது இன்று தெளிவு. முதல் மன்னன் பதினாறாவது மன்னனுக்குச் செங்கோல் அளிக்கிறான்.

1841 ஒக்டோபரில் இருவரும் மீண்டும் யூக்கத்தானுக்குச் சென்று சிச்சென் இற்சா முதலாக 44 இடங்களை ஆராய்ந்தனர். 1843இல் அந்நூலும் வந்தது. மாயா மக்களின் உரிமையை நூலிலே நிலைநாட்டியவர், அவர்களுடைய சிற்பங்களைப் பெயர்த்துக் கொண்டுவரத் தயங்கவில்லை என்பதை நாம் மறைத்தல் ஆகாது. செதுக்கிய மர உத்தரங்களை நியூயோர்க்கிலுள்ள கதர்வூட்டின் ஓவியக் காட்சிமண்டபத்திலே வைத்தார். 1842 யூலை 31ஆந் தேதி இரவு அம்மண்டபம் தீப்பற்றியது. ஆயிரம் ஆண்டளவும் காட்டு மழையைத் தாங்கிய மரம் ஒரே இரவிற் சாம்பலாயிற்று.

அதன்பின் ஸ்டீவன்ஸ் இடிபாடுகளைத் தேடிச் செல்லவில்லை. நீராவிக் கப்பற் கம்பனியிலும், பின்னர் பனாமா நிலவிணைப்பினூடே புகையிரதப் பாதை அமைக்கும் கம்பனியிலும் சேர்ந்து உழைத்தார், அதன் தலைவருமானார். கோவேறு கழுதையிலிருந்து வீழ்ந்து முதுகெலும்பு ஊறுபட்டபோதும் அச்சதுப்புக் காட்டை விட்டு வெளியேற மனமில்லாதிருந்தார். நோயுற்று நியூயோர்க்குக்கு வந்து, 1852 ஒக்டோபர் 13ஆந் தேதி தமது நாற்பத்தாறாம் வயதிலே காலமானார். புகையிரதப் பாதை 1855இல் நிறைவேறியது. அதற்கு முந்திய ஆண்டு செப்டெம்பரில் ஆர்க்டிக் என்னும் கப்பல் அத்திலாந்திக் கடலில் மூழ்கியபோது கதர்வூட்டும் அதனோடு மூழ்கினார்.

நியூயோர்க் நகரத்துச் சலவைக்கல் மயானத்திலே ஸ்டீவன்ஸை வைத்த நிலவறைக்கு நெடுங்காலம் பெயர்ப் பலகை இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அன்பர் சிலர் அவர் நினைவாக ஒரு பலகை பதித்தனர். அதிலே, கதர்வூட் வரைந்தவற்றுள் ஒன்றான மாயா எழுத்தொன்றைப் பொறித்தனர்.